ஞாயிற்றொளியும் சிற்றூர்தி மின்னேற்றமும்

வலு வேறு, சத்தி வேறு என்பது பௌதிகங் கற்கப் புகும் மாணவனுக்கு முதலிற் புகட்டப்படும் பாடங்களுள் ஒன்று. பரீட்சை முடிந்த மறுநாளே மறக்கப்படுவனவற்றுள்ளும் அஃது ஒன்று. ஒரு விளக்கு எத்தனை உவாற்று என்று வினவினால் எவரும் விடை கூறுவர். அவ்விளக்கு ஓரிரவில் எத்தனை உவாற்று-மணி உண்கின்றது என்று வினவினால், மின்சாரப் பட்டியல் வந்து சேரும் வரையில் அதனைச் சிந்திப்பார் இலர். நகரத்து வீட்டில் இம்மறதியால் விளைவது பணச்செலவு மாத்திரமே. சுவரிலுள்ள மின்வாய் கேட்ட அளவுக்குக் கொடுத்துக்கொண்டேயிருக்கும். கூரைமேற் பதித்த சூரியப் பலகையையும் ஆசனத்தின் கீழ் வைத்த மின்கலவடுக்கையும் நம்பி, ஊர்விட்டு ஊர் செல்லும் வண்டியொன்றில் வாழ்வார்க்கோ இம்மறதி ஓரிரவிலேயே பலன் காட்டிவிடும்.

அவ்வண்டியைக் காம்பர் வான் என்பர். உள்ளே படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, குளிர்சாதனப் பெட்டி ஆகியன அமைந்த வான் அது. நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று மெல்பேணிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அவருள் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றோர் சிலர் இத்தகைய வண்டி வாங்கி அவுஸ்திரேலியாவின் உட்பிரதேசங்களைச் சுற்றிப் பார்க்கின்றனர். வண்டியின் பின்புறத் தாங்கியில் இரண்டு மின்துவிச்சக்கரவண்டிகள் தொங்கும். பேரப்பிள்ளைகள் உடன் வந்தால் நின்றுகொண்டு செல்லும் மின் ஸ்கூட்டர் ஒன்றும், தற்சமநிலை பேணும் ஒற்றைச்சக்கரம் ஒன்றுங்கூட இருக்கும். இவையனைத்துக்கும் மாலையில் மின்னேற்ற வேண்டும். எங்கிருந்து ஏற்றுவது? கூரைமேல் வெயில் இலவசமாக விழுகின்றதே, அதிலிருந்து ஏற்றலாம் என்பதே எவர்க்கும் தோன்றும் விடை. விடை சரியே. எவ்வளவு, எப்பொழுது, எவ்வழியாக என்னும் மூன்று வினாக்களையும் அதனோடு சேர்த்துக் கேளாவிடத்துத்தான் இடர் உண்டாகின்றது.

அந்த இடர் சிறிதன்று. வயது முதிர்ந்தோர் செல்லும் வண்டியில் குளிர்சாதனப் பெட்டி பாலும் மீனும் வைப்பதற்கு மாத்திரம் உரியதன்று. நீரிழிவு நோய் நம்மவரிடையே எத்துணைப் பரவலானது என்பதை யாவரும் அறிவர். இன்னும் திறவாத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையிற் பேணப்பட வேண்டியது. நள்ளிரவில் இரண்டு சைக்கிள்கள் மின்கலவடுக்கை வெறுமையாக்கிவிட, குளிர்சாதனப் பெட்டி ஓசையின்றி நின்றுபோகுமாயின், அடுத்த மருந்துக்கடை எண்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஓரிடத்தில் விடிந்தபின் அதனைக் காண்பவர் நிலை யாது? ஆகவே இக்கணக்கு விளையாட்டுக் கணக்கன்று.

எடுத்துக்காட்டாக ஓரிடத்தைக் கொள்வோம். விக்ரோறியா மாநிலத்தின் வடகிழக்கில், வங்கரட்டா என்னும் பட்டணத்திலிருந்து பிறைட் என்னும் மலையடிவார ஊர்வரை முன்னாளிற் புகையிரதம் ஓடிய தடமொன்று உண்டு. தண்டவாளங்களை அகற்றி அதனைச் சைக்கிட் பாதையாக்கியுள்ளனர். எவெர்ற்றன் என்னுமிடத்தில் அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து, 16 கிலோமீற்றர் தூரம் ஏறிப் பீச்சுவேத்து என்னும் பழைய பொற்சுரங்க ஊரை அடைகின்றது. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறமாட்டாது. ஆதலால் பாதையும் எங்கும் மெதுவாகவே உயர்கின்றது. ஆயினும் உயரம் உயரமே. அக்கிளையின் ஏற்றம் ஏறத்தாழ 300 மீற்றர் எனக் கொள்ளலாம்.

சவாரி செய்பவர், சைக்கிள், மூட்டை ஆகியவற்றின் மொத்தத் திணிவு 110 கிலோகிராம் ஆயின், 300 மீற்றர் உயர்த்துதற்கு வேண்டிய சத்தி 110ஐ 9.8ஆலும் 300ஆலும் பெருக்க வருவது. அஃதாவது 3,23,400 யூல். ஓர் உவாற்று-மணி 3,600 யூல் ஆதலால் இது 90 உவாற்று-மணிக்குச் சமன். மின்மோட்டார் தான் பெறுவதில் முக்காற்பங்கையே இயக்கமாக மாற்றும் என்று வைத்துக்கொண்டால், முழு ஏற்றத்தையும் மோட்டாரே சுமப்பின் 120 உவாற்று-மணி செலவாகும். கால்கள் பாதியைச் சுமப்பின் 60 போதும். இதனுடன் காற்றின் தடையும் சில்லின் உருள்தடையும் சேரும். மேட்டையும் பள்ளத்தையும் ஒருங்கு கூட்டிப் பார்க்குமிடத்து, மிதித்துச் செல்வோனுக்கு ஒரு கிலோமீற்றருக்கு 8 முதல் 12 உவாற்று-மணி செலவாகுமென்று கொள்ளல் பொருந்தும். ஐம்பது கிலோமீற்றர் சென்று திரும்பினால் 500 உவாற்று-மணி. பொதுவாக விற்கப்படும் மின்துவிச்சக்கரவண்டியின் மின்கலவடுக்கும் ஏறத்தாழ அவ்வளவே கொள்ளும். 36 உவோல்ற்று, 14 அம்பியர்-மணி என்று அதன்மேற் பொறித்திருப்பர். இரண்டையும் பெருக்குக: 504. இறங்கும்போது இச்சத்தி திரும்பக் கிடையாதோ எனில், பெரும்பாலான சைக்கிள்களில் அதற்கு வழியில்லை. தடையின் உராய்விற் சூடாகப் போய்விடும்.

ஏனைய சிற்றூர்திகளின் கணக்கு வேறுபடும். சிறிய மின் ஸ்கூட்டர்களிற் பல 300 உவாற்று-மணிக்கும் குறைவாகவே கொள்வன. ஒற்றைச்சக்கரமோ தோற்றத்திற் சிறிதாயினும் பெருந்தீனிக்காரன். 1,000 உவாற்று-மணிக்கு மேலும் விழுங்கும் வகைகள் உண்டு. மிதிப்பார் இல்லாத ஊர்தி ஆதலின் முழுச் செலவும் மின்னின் தலையிலேயே விழுகின்றது. பேரன் அரைமணி நேரம் புல்வெளியில் வட்டமிட்டதற்கான விலை, பாட்டனார் மலையேறி வந்ததன் விலையைவிட மிகுந்திருத்தல் கூடும்.

செலவைக் கண்டோம். இனி வரவைக் காண்போம்.

ஒளியிலிருந்து மின் பிறத்தலைப் பிரான்சிய அறிஞர் எட்மண்ட் பெக்கரல் 1839இற் கண்டார். பயன்படத்தக்க சிலிக்கன் சூரியக்கலம் 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 6 பங்கை அது மின்னாக்கிற்று. நூற்றுக்கு 20 என்னும் எல்லையை 1985இல் முதன்முதற் கடந்தவர் அவுஸ்திரேலியாவின் நியூசவுத்து வேல்சுப் பல்கலைக்கழகத்து மாட்டின் கிறீன் என்பாரும் அவர்தங் குழுவினரும். அன்று ஆய்வுகூடத்து அருமையாயிருந்த அத்திறன் இன்று கடையில் வாங்கும் பலகையிலே உண்டு. அதனாற்றான் 400 உவாற்றுப் பலகை ஏறத்தாழ இரண்டு சதுர மீற்றர் இடத்துள் அடங்கி, ஒரு வானின் கூரைமேற் கிடக்க முடிகின்றது.

ஆயினும் 400 என்பது ஆய்வுகூடத்து எண். சதுர மீற்றருக்கு 1,000 உவாற்று ஒளி செங்குத்தாக விழ, பலகையின் வெப்பநிலை 25 பாகையாக இருக்கும்போது அளந்தது. வானின் கூரையில் இவ்விரு நிபந்தனைகளும் ஒருங்கே கைகூடுவதில்லை. சிலிக்கன் கலம் சூடேறச் சூடேற அதன் அழுத்தம் குறையும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ நூற்றுக்கு 0.4 பங்கு வலு குன்றும். கோடை நண்பகலிற் பலகை 65 பாகையை எட்டினால் இழப்பு நூற்றுக்கு 15 அளவாகும். வெயில் கொளுத்தும் நாளே மின் மிகும் நாள் என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். ஒளி வேறு, வெப்பம் வேறு என்பதை அவர் நினைவுகூர்தல் வேண்டும்; குளிர்ந்த காற்றோடு கூடிய தெளிந்த நாளே பலகைக்கு உகந்தது.

சாய்வின் கதை இன்னுஞ் சுவையானது. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் உளது. அங்கே ஞாயிறு நண்பகலில் ஆண்டு முழுதும் அடிவானுக்கு மேல் 57 பாகைக்குக் குறையாது நிற்கும். கூரைமேற் படுக்கையாகக் கிடக்கும் பலகைக்கு எக்காலமும் நற்காலமே. வங்கரட்டாவோ தென் அகலக்கோடு ஏறத்தாழ 36.4 பாகையில் உளது. திசெம்பர் இறுதியில் அங்கு நண்பகல் ஞாயிறு 77 பாகை உயரத்தில் நிற்க, யூன் இறுதியில் 30 பாகைக்குத் தாழ்ந்துவிடுகின்றது. 30 பாகையின் சைன் அரை என்பதை மாணவர் அறிவர். எனவே மாரிகாலத்து நண்பகலிலே படுக்கையாகக் கிடக்கும் பலகை, ஞாயிற்றை நேர்நோக்கி நிமிர்த்திய பலகை பெறும் நேரொளியிற் பாதியையே பெறும். நிமிர்த்துவதாயின் வடக்கு நோக்கி நிமிர்த்துக. தென்கோளத்தில் ஞாயிறு செல்லும் பக்கம் அது. வடகோளத்து நூலைப் படித்துவிட்டுத் தெற்கே முகங்காட்டிப் பலகை நிறுத்துதல் அங்குக் குடியேறிய புதியவர்க்கு நேர்வதுண்டு.

இவற்றையெல்லாம் ஒருங்கு நோக்க, அப்பிரதேசத்திற் படுக்கையான ஒரு சதுர மீற்றர் மீது சனவரி நாளொன்றில் ஏறத்தாழ 7 கிலோவாற்று-மணி ஒளிச்சத்தியும், யூன் நாளொன்றில் 2க்குச் சிறிது மேலும் விழுமெனக் கணக்கிடலாம். சூடு, தூசி, கம்பி ஆகியவற்றால் வரும் இழப்பு நூற்றுக்கு 30 என்று கழித்தால், 400 உவாற்றுப் பலகை சனவரியில் நாளொன்றுக்கு 400ஐ 7ஆலும் 0.7ஆலும் பெருக்க வரும் 1,960 உவாற்று-மணி தரும். யூனில் 600 அளவே தரும். ஒரே பலகை, ஒரே கூரை, மூன்றிலொன்றுக்கும் குறைந்த விளைவு.

இவ்வரவு முழுவதும் சைக்கிளுக்கு உரியதன்று. குளிர்சாதனப் பெட்டி கோடையில் நாளொன்றுக்கு 500 உவாற்று-மணி கொள்ளும். விளக்கு, நீர் இறைக்கும் பம்பி, விசிறி, தொலைபேசி ஆகியவற்றுக்கு 200 வைப்போம். எஞ்சுவது 1,260.

ஐந்நூறு கொள்ளும் சைக்கிளுக்கு ஐந்நூறு கொடுத்தாற் போதும் என்று எண்ணலாகாது. வண்டியின் மின்கலவடுக்கு 12 உவோல்ற்று நேரோட்டத்தைத் தருகின்றது. இன்வேட்டர் அதனை 230 உவோல்ற்று ஆடலோட்டமாக்குகின்றது. சைக்கிளோடு வந்த மின்னேற்றி அவ்வாடலோட்டத்தை மீண்டும் 42 உவோல்ற்று நேரோட்டமாக்குகின்றது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போக வேண்டியவன் காலிக்குப் போய்த் திரும்பி வந்து கண்டி செல்வது போன்ற பயணம் இது. ஒவ்வொரு மாற்றத்திலும் நூற்றுக்கு 12 பங்கு சூடாகக் கழியுமாயின், 0.88ஐ 0.88ஆற் பெருக்க 0.774 வரும். 500ஐ அதனால் வகுக்க 646. ஆகவே ஒரு சைக்கிளின் வயிற்றில் 500 சேர, வண்டியின் மின்கலவடுக்கிலிருந்து ஏறத்தாழ 650 உவாற்று-மணி புறப்பட வேண்டும். இரண்டுக்கு 1,300. எஞ்சிய வரவோ 1,260. நடுக்கோடையில், முகிலற்ற நாளில், மரநிழல் படாத இடத்தில், கணக்கு மயிரிழையிற் சமன் செய்கின்றது என்க.

இன்வேட்டரைப் பற்றி இன்னுமொன்று கூற வேண்டும். அது வேலை செய்யாதிருக்கும்போதும் விழித்திருப்பதற்கென்று 10 உவாற்று அளவு உண்ணும். நாள் முழுதும் அணையாது விட்டால் 240 உவாற்று-மணி. ஒரு சைக்கிளுக்குரிய சத்தியிற் பாதி. யாரும் ஏறாத சவாரிக்குக் கொடுத்த கூலி என்றே இதனைச் சொல்லலாம். மின்னேற்றம் முடிந்தவுடன் ஆளியை மூடுக.

வண்டியினுள் இருக்கும் மின்கலவடுக்கின் இயல்பும் ஆராயத்தக்கது. பிளான்ரே 1859இல் ஆக்கிய ஈய அமிலக் கலத்தை நம் ஆய்வுகூடத்திற் பயன்படுத்தாத மாணவர் குறைவு. 12 உவோல்ற்று, 100 அம்பியர்-மணி ஈய அடுக்கொன்று பெயரளவில் 1,200 உவாற்று-மணி கொள்ளும். ஆயினும் அதனை நாடோறும் பாதிக்கு மேல் வெறிதாக்கினால் தகடுகளிற் சல்பேற்று இறுகி ஆயுள் விரைவிற் குன்றும். எனவே பயன்படுவது 600. ஒரு சைக்கிளுக்கு வேண்டிய 650க்கும் அது போதாது. இலிதியம் இரும்புப் பொசுபேற்று அடுக்கோ அதே பெயரளவிற் 1,280 கொண்டு, அதிற் பெரும்பகுதியைத் தீங்கின்றித் தரவல்லது. அப்பொருளைக் குட்இனவ் என்பாருடைய குழுவினர் ரெக்சாசுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். இலிதியம் அயன் கலங்களுக்காக 2019ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபெல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

இனி, எப்பொழுது ஏற்றுவது என்னும் வினா. பெரும்பாலோர் மாலையில் வந்து இரவில் ஏற்றுகின்றனர். கைத்தொலைபேசியிற் பழகிய வழக்கம் அது. இரவில் ஏற்றும்போது கொடுக்கப்படும் ஒவ்வோர் உவாற்று-மணியும் வண்டியின் சேமிப்பிலிருந்தே போகின்றது. அச்சேமிப்பை நம்பி விடியும் வரை இயங்க வேண்டிய குளிர்சாதனப் பெட்டியோடு சைக்கிள் போட்டியிடுகின்றது. நண்பகலில் ஏற்றும்போது பலகையிலிருந்து வரும் ஓட்டம் சேமிப்பிற் புகுந்து வெளிவராமலே நேராகச் சைக்கிளைச் சென்றடைகின்றது. சனவரி மாதத்தில் அப்பிரதேசத்துப் பகல் கடுமையானது; அதிகாலையிற் புறப்பட்டு முற்பகல் பதினொரு மணிக்குள் திரும்புதல் உடலுக்கும் நன்று, மின்னுக்கும் நன்று. கோடையிற் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதால் அங்கு உண்மையான உச்சிப்பொழுது பிற்பகல் ஒன்றேகால் மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையிலே நிகழும். பதினொன்று முதல் ஐந்துவரை பலகை நன்கு உழைக்கும்.

அப்பொழுதும் எந்த மின்னேற்றியைப் பொருத்துவது என்பது கருதத்தக்கது. விரைவான மின்னேற்றி 4 அம்பியர் தரும். 42 உவோல்ற்றில் 168 உவாற்று. அவ்வாறான இரண்டைப் பொருத்தினால், இழப்பையுஞ் சேர்த்து வண்டியிலிருந்து ஏறத்தாழ 434 உவாற்று இழுக்கும். நண்பகலிற் பலகை தருவதோ 300 அளவே. குறைந்தது சேமிப்பிலிருந்து போகும். மெதுவான மின்னேற்றி 2 அம்பியர் தருவது. இரண்டுஞ் சேர்ந்து 217 உவாற்றுக்கு மேல் இழா. பலகையே அதனை முற்றாகச் சுமந்து, குளிர்சாதனப் பெட்டிக்கும் மிச்சம் வைக்கும். ஆறேழு மணி நேரம் எடுக்கும் என்பது உண்மைதான். மற்றவையாவும் அவசரமாகச் செய்யப்படும் இக்காலத்தில் மெதுவான கருவியை விலை கொடுத்து வாங்கச் சொல்வது விந்தையாகத் தோன்றினும், கணக்கு அதனையே கூறுகின்றது.

குளிர்சாதனப் பெட்டியை உறுதியாகக் காத்தற்கு வேறோர் ஏற்பாடும் உண்டு. சேமிப்பு ஒரு குறித்த அளவுக்குக் கீழே போனதும் இன்வேட்டர் தானே நின்றுவிடுமாறும், குளிர்சாதனப் பெட்டி அதற்குப் பின்னரும் நெடுநேரம் இயங்குமாறும் அமைத்துக்கொள்ளலாம். முதலில் நிற்க வேண்டியது சைக்கிளின் மின்னேற்றம், மருந்தன்று. ஈய அடுக்காயின் அதன் அழுத்தமே எஞ்சிய சத்தியை ஒருவாறு காட்டும். இலிதியம் பொசுபேற்று அடுக்கின் அழுத்தமோ நிறைந்திருக்கும்போதும் குறைந்திருக்கும்போதும் பெரிதும் மாறாது நின்று, முடிவிற் சடுதியாக விழும். அதற்கு உவோல்ற்றுமானி போதாது. உட்புகுந்த அம்பியர்-மணியையும் வெளிச்சென்றதையும் எண்ணிக் கழிக்கும் மானி ஒன்று வேண்டும்.

நிழலைப் பற்றிய கருத்தொன்று. யூக்கலிப்ரசு மரநிழலில் வண்டியை நிறுத்தினால் உள்ளே குளிர்மை உண்டு, கூரையில் மின் இல்லை. பலகையிலுள்ள கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு கிளையின் நிழல் சில கலங்களின் மேல் விழுந்தாலும் அத்தொடரின் ஓட்டம் முழுதும் குன்றும். நிழல்பட்ட பகுதியை விலக்கிச் செல்ல இருவாயிகள் அமைத்திருப்பர்; அவ்வாறாயினும் பலகையின் மூன்றிலொரு பங்கு வேலையிழக்கும். இதனால் அனுபவமுடையோர் வண்டியை நிழலில் நிறுத்தி, மடிக்கத்தக்க தனிப்பலகையொன்றை நீண்ட கம்பியோடு வெயிலில் வைப்பர். கம்பி தடித்ததாக இருத்தல் வேண்டும். 12 உவோல்ற்றில் 600 உவாற்றுக் கொண்டுசெல்ல 50 அம்பியர் ஓடும். 230 உவோல்ற்றில் மூன்று அம்பியரும் ஓடாது. கம்பியிற் பிறக்கும் சூடு ஓட்டத்தின் வர்க்கத்தின்படி உயருமாதலால், வீட்டுச் சுவர்க் கம்பியைப் பார்த்துப் பழகிய கண் இங்கே ஏமாறும். மின்கலவடுக்கின் முனைக்கு அண்மையிலேயே தக்க உருகி அமைக்கப்படல் வேண்டும்.

சூரியப் பலகையை நேராகச் சைக்கிளின் மின்கலவடுக்கோடு கம்பியால் இணைத்தாலென்ன என்று சிலர் வினவுவர். அது செய்யத்தகாதது. இலிதியம் அயன் கலம் ஒவ்வொன்றும் 4.2 உவோல்ற்றை எட்டியதும் ஏற்றம் நிறுத்தப்பட வேண்டும். எல்லை கடப்பின் உட்பொருள் சிதையும். 36 உவோல்ற்று எனப்படும் அடுக்கிற் பத்துக் கலங்கள் தொடராக உள. அதன் முழு அழுத்தம் 42.0. 48 உவோல்ற்று எனப்படுவதிற் பதின்மூன்று, 54.6. சில ஒற்றைச்சக்கரங்களில் இருபது, 84. இன்வேட்டரைத் தவிர்த்து 12 உவோல்ற்றிலிருந்து நேராக உயர்த்தி ஏற்றும் கருவிகள் இன்று விற்பனைக்கு உள. அவை ஒரு மாற்றத்தை மிச்சப்படுத்துவனவே. ஆயினும் அவற்றின் எல்லையழுத்தம் நம் அடுக்குக்குரியதுதானா என்று மானியால் அளந்தறியாமற் பொருத்தலாகாது. கொடுமை யாதெனின், வெவ்வேறு அழுத்தத்துக்குரிய மின்னேற்றிகள் பலவற்றின் முனைகள் ஒரே வடிவினவாக இருத்தல். ஸ்கூட்டரின் 54.6 உவோல்ற்று மின்னேற்றி சைக்கிளின் 42 உவோல்ற்றுத் துளையில் இலகுவாக நுழைந்துவிடும். ஒவ்வொன்றிலும் நிறந்தீட்டி வைத்தல் குழந்தைத்தனமன்று.

தீயின் செய்தி இங்கே வருகின்றது. அமெரிக்க நுகர்வோர் பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு 2016 யூலையில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட தற்சமநிலைப் பலகைகளை, அவற்றின் மின்கலவடுக்குத் தீப்பற்றும் அபாயத்தின் பொருட்டு, விற்பனையினின்று மீளப்பெறச் செய்தது. நியூயோர்க் நகரில் 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலிதியம் மின்கலவடுக்குகளால் மூண்ட தீயிற் பதினெண்மர் மாண்டனர். மின்துவிச்சக்கரவண்டிகளும் ஸ்கூட்டர்களும் அத்தீக்களின் முதன்மைக் காரணம். கலமொன்று உட்சிதைந்து சூடேறின் அச்சூடு அடுத்த கலத்தைச் சிதைக்கும். சிதையும் பொருளிலிருந்தே ஒட்சிசன் வெளிப்படுதலால் போர்வையால் மூடித் தீயை அணைத்தல் இயலாது. கட்டடத்தில் மாடி, முற்றம், பின்கதவு என்று தப்பும் வழி பல உண்டு. வானிற் படுக்கையிலிருந்து கதவு இரண்டடி. அக்கதவருகிற்றான் மின்னேற்றியைச் சொருகும் மின்வாயும் பெரும்பாலும் இருக்கும்.

காம்பர் வான், இழுவை வீடு முதலியவற்றின் மின்னமைப்புக்கென அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கூட்டாக 2022இல் வெளியிட்ட 3001.2 என்னும் நியமம், வண்டியிற் பொருத்தப்படும் இலிதிய அடுக்கு மனிதர் வாழும் இடத்தினின்று பிரித்து அடைக்கப்படல் வேண்டுமென்று விதிக்கின்றது. நல்ல விதி. ஆனால் அது பொருத்திய அடுக்கைப் பற்றியது. மழை வருமென்று சைக்கிளிலிருந்து கழற்றிக் கையிலே கொண்டுவந்து கட்டிலின் கீழ் வைக்கப்படும் அடுக்கைப் பற்றி எந்தப் பொறியியலாளன் விதி செய்வான்? பொருத்தப்பட்ட பொசுபேற்று அடுக்கு இரண்டினுள்ளும் சாதுவானது. சைக்கிளில் வருவது பெரும்பாலும் நிக்கல் கலந்த, எளிதிற் சினக்கும் வகை. சாதுவைப் பெட்டியிற் பூட்டிவிட்டுச் சினக்காரனைத் தலைமாட்டில் உறங்கவைக்கின்றோம். பகலில், வண்டிக்கு வெளியே, பந்தலின் நிழலில், கதவுக்குத் தூரமாக வைத்து ஏற்றுக. நண்பகலேற்றம் இதற்கும் வாய்ப்பானது. ஏற்றம் முடியும்வரை விழித்திருப்போம் அல்லவா? சவாரி முடிந்து வந்தவுடன் அடுக்குச் சூடாயிருக்கும். அது ஆறும்வரை பொறுத்துச் சொருகுக. அடிபட்டு நசுங்கியதும் நீரில் மூழ்கியதும் ஆகிய அடுக்கை ஒருபொழுதும் ஏற்றற்க.

மாரியில் வேறோர் எல்லை குறுக்கிடும். பிறைட் அமைந்த பள்ளத்தாக்கிலே யூன், யூலை இரவுகளில் உறைபனி விழுவது இயல்பு. இலிதியக் கலத்தைச் சுழியப் பாகைக்குக் கீழே ஏற்றினால், எதிர்முனையின் உள்ளே புகவேண்டிய இலிதியம் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். அப்படிவு நிலையானது, ஆபத்துமானது. நல்ல அடுக்குகள் அக்குளிரில் ஏற்றத்தை மறுத்துவிடும். கருவி பழுதாயிற்றென்று கருதி அதனைத் திறத்தலும் குறுக்கிணைத்தலும் கூடா. வெயில் ஏறியபின் சொருகினாற் போதும்.

ஆயின் அவ்வெயிலுக்குச் செய்யும் வேலை வேறு உண்டு. யூனில் வரவு 600 என்று கண்டோம். குளிர்சாதனப் பெட்டி அக்காலத்தில் 300 போதுமென்றாலும், நீண்ட இரவுக்குரிய விளக்கும் வெப்பமூட்டியின் விசிறியும் மற்றைச் சில்லறைகளும் 250 கொண்டுவிடும். மிச்சம் 50. ஒரு சைக்கிளை ஐந்து கிலோமீற்றர் கூடக் கொண்டு செல்ல அது போதாது. அப்பருவத்திற் கூரையை நம்பிச் சைக்கிள் ஓட்டுதல் இயலாது என்று வெளிப்படையாகக் கூறிவிடுவதே முறை. ஊரிலிருந்து ஊருக்கு வண்டியை ஓட்டும்போது எஞ்சினோடு சுழலும் மின்பிறப்பாக்கியிலிருந்து, இடைக்கருவியொன்றின் வழியாக 30 அம்பியர் பெற்றால், மணியொன்றுக்கு ஏறத்தாழ 400 உவாற்று-மணி சேரும். இரண்டு மணி நேரப் பயணம் ஒரு சைக்கிளுக்குரியதைத் தரும். பயணமில்லாத நாட்களில் மூன்றிலொரு நாள் மின்வசதியுள்ள முகாமிடத்திற் கட்டணஞ் செலுத்தித் தங்கி, 230 உவோல்ற்று மின்வாயிலிருந்து இரண்டு சைக்கிள்களையும் வண்டியையும் ஒருங்கே நிரப்பிக்கொள்ளலாம். அங்கும் பகலிலேயே, பந்தலின் கீழேயே ஏற்றுக.